ஒட்டாத பசிபிக்

'அழணும். ஏன் வரமாட்டேங்குது?'

மோலி தன் கணவனைப் பார்த்தாள். பட்டறை மேசைமீது கவிழ்ந்து கிடந்தான் லூர்துராஜ். வாயோரம் நுரை. கையருகே சின்ன சாத்துக்குடி அளவில் ஒரு உலகம்... ஒட்டி முடிக்காமல்!

அந்தக் காலத்து லண்டன் கைவினைஞர்கள் துரைமார்களின் சட்டைப்பைக்காகச் செய்த பூகோள உருண்டை. அதன் அசல் மாதிரியே ஒன்றை தேவராஜ மொஹல்லாவின் இந்த மாடியறையில் செய்வான் லூர்துராஜ். மர உருண்டைமேல் வரைபடத்தைப் பன்னிரண்டு துண்டுகளாக ஒட்டி, மீன்தோல் பெட்டிக்குள் வைத்தால், கூட்டாளி சீனு அதை இருநூறு வருடப் பழசென்று விற்றுவிடுவான்.

வரைவது மோலி. கோடு பிசகினால், பைண்டிங் பிரஸ்ஸில் அவள் கட்டைவிரலை வைத்துத் திருகுவான் லூர்துராஜ். போன மாதம் நகமே போய்விட்டது.

இன்ஸ்பெக்டர் ஸ்வாதி, சீனுவின் சட்டையைப் பிடித்திருந்தாள்.

"டீ வாங்கிட்டு வந்தது நீதானே?"

"அய்யோ கடவுளே! அதே டீயை நானும் குடிச்சேன் மேடம்! செத்தா போயிட்டேன்?"

"அவசரப்படாதே. டைம் இருக்கு."

மோலி விசும்பிப் பார்த்தாள். "காலையிலேர்ந்து அவர் வேற எதுவும் சாப்பிடலை மேடம்..."

'போ சீனு. என் விரல் நசுங்கினப்போ பக்கத்துல நின்னு சிரிச்சவன்தானே நீ!'

சீனு சட்டென்று நிமிர்ந்தான்.

"மேடம்! வாயில போனது இன்னொண்ணு இருக்கு. காகிதம்!"

"ஹௌதா, நிஜமாவா? காகிதமா?"

"தண்ணி தொட்டா மை பரவிடும். அதனால ஒவ்வொரு துண்டோட நுனியையும் நாக்குல தொட்டுத்தான் வளைப்பார். லண்டன்காரன் வழக்கம்னு பெருமை வேற! துண்டு வெட்டிக் கொடுக்கிறது... மோலி அக்காதான்!"



மேசையில் ஒரே ஒரு துண்டு மிச்சமிருந்தது. பசிபிக் கடல்.

ஸ்வாதி உறைபோட்ட கையால் அதை எடுத்து நீட்டினாள். கண்கள் மோலியின் முகத்தைவிட்டு நகரவில்லை.

"ஒட்டிக் காட்டுங்கம்மா. அவர் ஒட்டற மாதிரியே."

மோலி வாங்கினாள். நீலம் அழகாகத்தான் வந்திருந்தது.

'பதினோரு துண்டுக்குத் தாங்கினானே, பாவி!'

"ம்... நாக்குல தொடுங்க."

மோலி பசிபிக்கை மெதுவாக மேசையில் வைத்தாள்.

"வேண்டாம் மேடம். தவக்கால வெள்ளி... நான் ஒருசந்தி விரதம். பச்சைத்தண்ணிகூட வாயில வைக்கிறதில்லை."