மூன்றாம் மாடியின் ஒலிப் புகார்

ரவை வறுக்கும்போது நான் பாடுவேன். யாருக்கும் கேட்காது என்பதால்தான் பாடுவேன். எங்கள் கோவைக் குடியிருப்பில், சுவரைத் தாண்டிப் போகக் குரலுக்கு ஒரு பெயர் வேண்டும். பெயர் சொல்லி அழைத்தால் அந்தப் பெயருக்குரியவர் இருக்கும் வீட்டில் மட்டும் கேட்கும். யாருக்கென்று சொல்லாத ஒலியை வீட்டுக் கணினி சுவரிலுள்ள ஒலியுறிஞ்சிகளுக்கு அனுப்பிவிடும். இந்த ஏற்பாடு வந்தபின் பக்கத்து வீட்டுச் சண்டைகள் ஓய்ந்தன. தனியாக வாழும் எனக்கோ ஐம்பது வயதில் பாட்டு வந்தது.

அன்று காலை ஒலிப் பராமரிப்பிலிருந்து ஜெசிந்தா வந்தாள்.

"அக்கா, மூணாவது மாடி ரவூஃப் அண்ணன் புகார் குடுத்திருக்காருங்க. காலையில வர்ற பாட்டு பாதியிலயே நின்னுருதாமா."

"அதுக்கு என் வீட்டுல என்ன பண்றே?"

"அந்தப் பாட்டு இங்கிருந்துதானுங்க போகுது."

அடுப்பை அணைத்தேன். ஜெசிந்தா ஸ்பீக்கர், மைக், இணைப்பு என்று ஒவ்வொன்றாகச் சோதித்தாள். எல்லாம் சரி. ஒலி போகும் இடத்தில் மட்டும், உறிஞ்சிக்குப் பதிலாக அவர் வீட்டு எண் இருந்தது. போன அப்டேட்டில் மாறியிருக்கிறது. மூன்று மாதம்!

ஜன்னல் திறந்திருப்பது தெரியாமல் உடை மாற்றியவளைப்போல் கூசி நின்றேன்.

"கட்டடத்து ரேடியோன்னு நெனச்சுட்டாருங்க, பாவம்," என்று ஜெசிந்தா சிரித்தாள். "ஆனா ஏன் கட்டாகுதுன்னுதான் புரியல. கம்ப்யூட்டர்ல ஒரு கோளாறும் இல்லீங்களே."

கோளாறு எங்கே என்று எனக்குத் தெரியும். சரணத்தில் குரல் மேலே ஏற வேண்டிய இடம் வந்ததும் நிறுத்திவிடுவேன். யாருமே கேட்காத அடுக்களையிலும், கேட்டுச் சிரிக்க ஒருத்தி இருந்தாள். அவள் நான்தான்.

"மாத்திரட்டுங்களா? ஒரு தட்டு தட்டினா யாருக்கும் கேக்காது." அவள் விரல் திரைக்கு மேல் நின்றது.

கீழே ஒரு மனிதர் மூன்று மாதமாக மிச்சப் பாட்டுக்குக் காத்திருக்கிறார்.

"கொஞ்சம் இரு," என்றேன். கண்ணை மூடிக்கொண்டு பாடினேன். சரணம் வந்தது. ஏறினேன். உச்சியில் குரல் உடைந்தது. உடைந்த குரலிலேயே முடித்தேன்.

சற்று நேரத்தில் கணினி வழியே ரவூஃப் அண்ணன் ஜெசிந்தாவை அழைத்தார்.

"அம்மிணி, சரியாயிருச்சு! முழுசா வருது. மேல போறப்ப மட்டும் கொஞ்சம் கரகரங்குது, அதையும் பாத்து விட்டுரு."

ஜெசிந்தா வாயைப் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"ரெண்டு வாரத்துல சரியாயிரும்னு சொல்லு," என்றேன்.