காவலில் இருக்கிறார்

மகளின் உயரம் ஓர் அங்குலம் குறைந்திருந்தது.

நடீன் ஸ்டில்ட்னர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் செல்போனைப் பார்த்தாள். கவுண்டி சிறையின் பட்டியல் அது. யாரையெல்லாம் பிடித்து உள்ளே வைத்திருக்கிறார்கள் என்று பெயர், படம், வயது, உயரம், குற்றம் எல்லாவற்றையும் ஊரே பார்க்கும்படி ஷெரிப் அலுவலகம் போட்டு வைக்கிற பக்கம். லேசி ஸ்டில்ட்னர், இருபத்தாறு வயது. குற்றம், போதைப்பொருள் வைத்திருந்தது. நிலை, காவலில் இருக்கிறார். உயரம், ஐந்தடி ஐந்து அங்குலம். நேற்று வரை ஐந்தடி ஆறு. பதிகிறவன் எவனோ கைதவறி மாற்றிவிட்டான் என்று எண்ணிக்கொண்டு காபியை எடுத்தாள். காபியிலும் அந்த நாற்றம் ஏறியிருந்தது.

பத்து நாளாக வீட்டில் நாற்றம். முதலில் கெட்டுப்போன உருளைக்கிழங்கு போல லேசாக, மூலையில் மட்டும் இருந்தது. ஆகஸ்ட் வெயில் ஏற ஏற அது திரைச்சீலையில் ஒட்டி, தலையணையில் ஊறி, சுட்டெடுத்த பிஸ்கட்டைப் பிட்டால் அதற்குள்ளிருந்தும் இனிப்பும் அழுகலும் கலந்து வந்தது. நாக்கில் ஒரு பிசுபிசுப்பு. எத்தனை முறை பல் துலக்கினாலும் அது போகவில்லை.

அது என்னவென்று நடீனுக்குத் தெரியும், அல்லது தெரியும் என்று நினைத்தாள். இரண்டு வாரத்துக்கு முன் ஒரு மதியம், சமையலறையை ஒட்டிய சாமான் அறையின் தரைக்கு அடியில் பிறாண்டல் கேட்டது. அந்தப் பக்கத்து வீடுகளெல்லாம் குட்டையான கல்தூண்கள் மேல் நிற்பவை. அடியில் ஆள் தவழ்ந்து போகிற அளவுக்கு இடமும், பின்பக்கம் அதற்குள் நுழைய ஓர் ஓட்டையும் இருக்கும். சாமான் அறைத் தரையில் ஒரு மூடிப்பலகை உண்டு, அதைத் தூக்கினால் கீழே இறங்கலாம். பக்கத்து வீட்டு ஹோபர்ட் கிழவர் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று காதை வைத்துக் கேட்காமலே தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

"ரக்கூன்தான் நடீன், ராத்திரி குப்பைத்தொட்டியைக் கிளற வருமே, அந்தச் சனியன். அதுக்குக் கை நம்ம கை மாதிரியே இருக்கும், பலகையைத் தள்ளிக்கிட்டு மேல வந்துரும். பின்பக்க ஓட்டையில ஆணி அடிச்சிரு. மூடி மேல ஏதாவது பாரத்தை வை. நாலு நாள்ல தானா சாகும்."

"பாவமா இருக்காதா?"

"உன் சமையல்கட்டுல வந்து கடிச்சா அது பாவம் பாக்குமா?"

பின்பக்கத்து ஓட்டையில் பலகை வைத்து எட்டு ஆணி அடித்தாள். சாமான் அறையில், பீச் பழம் ஊறவைத்த கண்ணாடி ஜாடிகள் நிறைந்த பெட்டியை இழுத்து மூடியின் மேல் வைத்தாள். மூன்று நாள் பிறாண்டியது. தட்டவும் செய்தது. நடுநடுவே தரைப்பலகைக்கு அடியில் அமுங்கிய ஒரு முனகல். குளியலறைக் குழாய் என்று சொல்லிக்கொண்டு அவள் வானொலியின் சத்தத்தைக் கூட்டினாள். நான்காம் நாள் ஒன்றும் கேட்கவில்லை.

அந்த நாட்களில் அவள் மனம் வேறெப்போதையும்விட நிம்மதியாக இருந்தது என்பதுதான் கொடுமை. பிள்ளைகள் போதையில் விழுந்த தாய்மார்கள் புதன்கிழமைதோறும் தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் கூடுவார்கள். அவர்கள் எல்லாருக்கும் காலையில் முதல் வேலை இந்தப் பட்டியலைத் திறப்பதுதான். பெயர் இல்லாவிட்டால் பிள்ளை எந்தப் பாலத்தடியில் கிடக்கிறதோ. பெயர் இருந்தால் சோறு உண்டு, கட்டில் உண்டு. "உள்ள இருந்தா உயிரோட இருக்கான்னு அர்த்தம்" என்று ஒருத்திக்கு ஒருத்தி சொல்லிக்கொள்வார்கள். ஜாமீன் எடுக்காதே, ஒரு மாசம் அவ கூப்பிட்டா போனை எடுக்காதே, வீட்டுப் பூட்டை மாத்து என்று நடீனுக்குச் சொல்லிக் கொடுத்ததும் அவர்கள்தான். எல்லாவற்றையும் செய்தாள்.

அதற்கு முன்பும் பத்து வருடமாக அவள் இந்தப் பக்கத்தைப் பார்த்தவள்தான். அப்போது ஊரார் முகங்களை. உதடு கிழிந்தவன், பல் போனவள், அழுது மூக்கொழுகினவள் என்று காபியோடு சேர்த்து எல்லாரையும் மென்றாள். ஹோபர்ட்டும் அவளும் சிரித்துச் சிரித்து வயிறு வலித்த காலைகள் உண்டு. இப்போது நினைத்தால் குமட்டியது.

மறுநாள் உயரம் ஐந்தடி இரண்டு.

படமும் மாறியிருந்தது. முதல் நாள் படத்தில் லேசி கலங்கிய கண்ணோடு நேரே பார்த்தாள். இதில் கண்கள் நேரே பார்க்கவில்லை. உதடு கறுத்து ஒரு பக்கமாக இழுத்திருந்தது. நெற்றியில் ஓர் ஈ. நடீன் போனை உதறினாள். ஈ போகவில்லை. கட்டைவிரலால் தேய்த்தாள். ஈ படத்துக்குள் இருந்தது.

அன்று மாலை சாமான் அறை வாசலில் சிந்திய சோறு போல ஏதோ கிடந்தது. குனிந்தாள். நெளிந்தது. துடைப்பத்தால் கூட்டி வாரும்போது இரண்டு முறை வாந்தி எடுத்தாள்.

மூன்றாம் நாள் நான்கடி ஐந்து. ஈ இப்போது மூக்கின் ஓரத்தில். கூட இன்னும் நாலைந்து.

நடீன் வண்டியை எடுத்துக்கொண்டு சிறைக்குப் போனாள். கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த காவலர் பக்னருக்கு அவள் மகள் வயதுகூட இருக்காது. பெயரைத் தட்டிப் பார்த்தார். மறுபடி தட்டினார்.

"லேசி ஸ்டில்ட்னர் இங்க இல்லீங்கம்மா. விட்டு பதினாறு நாளாச்சு."

"பட்டியல்ல இருக்கே தம்பி. காவலில் இருக்கிறார்னு போட்டிருக்கே."

"என் பட்டியல்ல இல்லையே." அவர் திரையைத் திருப்பிக் காட்டினார். குடும்பப்பெயரின் முதலெழுத்து வரிசையில் ஆண்கள் இரண்டு பேர். லேசி இல்லை. "காலைல ஆறு மணிக்கு விட்டிருக்கோம். அவங்க இங்கிருந்து வீட்டுக்கு மூணு தடவை போன் பண்ணியிருக்காங்க, யாரும் எடுக்கல. நடந்தே போறேன், அம்மா கதவைத் திறக்காட்டியும் உள்ள போற வழி எனக்குத் தெரியும்னு சொல்லிட்டுப் போனாங்களாம். இங்க எழுதி வச்சிருக்கு."

உள்ளே போகிற வழி. சின்ன வயதில் பள்ளி விட்டு வந்து, கதவு பூட்டியிருந்தால், பின்பக்க ஓட்டை வழியாக வீட்டடியில் தவழ்ந்து வந்து சாமான் அறை மூடியைத் தூக்கிக்கொண்டு ஒட்டடைத் தலையோடு வெளியே வரும் பெண்.

"அம்மா, தண்ணி தரட்டுமா?" என்றார் பக்னர். நடீனுக்குக் கேட்கவில்லை.

வண்டியில் உட்கார்ந்து போனைத் திறந்தாள். அவளுடைய போனில் லேசி இருந்தாள். காவலில் இருக்கிறார். உயரம், நான்கடி. முகத்தைப் பார்க்கத் துணிவில்லாமல் முகத்துக்குப் பின்னால் இருந்த கோடுகளைப் பார்த்தாள். சிறையில் உயரம் காட்டச் சுவரில் வரைந்திருக்கும் அச்சுக் கோடுகள் இல்லை அவை. பென்சில் கோடுகள். கோணல்மாணலாக, வெள்ளையடித்த மரத்தில். ஒவ்வொரு கோட்டுக்குப் பக்கத்திலும் ஓர் எண். ஒன்பது. எட்டு. ஏழு. அவளுடைய கையெழுத்து.

சாமான் அறையின் கதவு நிலை. வருடா வருடம் பிறந்தநாளன்று மகளை அங்கே நிறுத்துவாள். நிமிர்ந்து நில்லு. குதிகாலை மரத்தோட ஒட்டு. தாடையைத் தூக்கு. லேசி வேண்டுமென்றே குதிகாலால் இரண்டு முறை மரத்தைத் தட்டிவிட்டுத்தான் நிற்பாள். டக், டக்.

வீட்டுக்கு எப்படி வந்து சேர்ந்தாள் என்று அவளுக்குத் தெரியாது. சமையலறையில் மாலை வெயில் மஞ்சளாக விழுந்திருந்தது. ஜன்னல் கண்ணாடி முழுக்க ஈ. அவற்றின் இரைச்சல் மட்டும்தான் வீட்டில். மூக்கைப் பொத்தினாள். வாய் வழியாக மூச்சு விட்டால் நாற்றம் தொண்டையில் எண்ணெயாகப் படிந்தது.

சாமான் அறைக்குள் போனாள். மண்டியிட்டாள். பெட்டியை இழுத்தாள். ஜாடிகள் குலுங்கின. தானே வைத்த பாரம். எட்டு ஆணியும் தானே அடித்தது. ரக்கூன் என்று தானே நம்பியது. முனகலுக்கு வானொலியைத் தானே கூட்டியது. அருவருப்பாக இருந்தது. நாற்றத்தை விட, புழுவை விட, தன் கைகளைப் பார்க்கத்தான் அருவருப்பாக இருந்தது.

பெட்டி நகர்ந்தது.

மூடிப்பலகையின் விளிம்பு ஈரமாகக் கறுத்திருந்தது. இடுக்கில் வெள்ளையாக நெளிந்தது. வளையத்தில் விரல் நுழைத்தாள்.

"லேசி."

தூக்கினாள். கீழிருந்து வந்த காற்று முகத்தில் அடித்தது. மூடியின் அடிப்பக்கம் முழுக்கக் கீறல்கள். மரச் சிம்பில் செருகி நின்ற ஒரு நகம். அதில் பாதி உரிந்த ஊதாச் சாயம்.

கீழே மண். நெடுக இழுத்துக்கொண்டு போன தடம். ஒரு செருப்பு.

அவள் இல்லை.

முழங்காலுக்குப் பக்கத்தில் கிடந்த போனின் வெளிச்சம் மாறியது. பட்டியல் தானாகப் புதுப்பித்துக்கொண்டது. லேசி ஸ்டில்ட்னர். உயரம், மூன்றடி பத்து. ஏழு வயதுக் கோடு.

நிலை, விடுவிக்கப்பட்டார்.

படத்தில் ஆள் இல்லை. கதவு நிலை மட்டும். பென்சில் கோடுகள். அவற்றுக்கு அப்பால், தரையில் மண்டியிட்டுக் குழிக்குள் எட்டிப் பார்க்கும் ஒருத்தியின் முதுகு. நடீனின் முதுகு.

ஈக்களின் இரைச்சல் ஜன்னலில் நின்றது.

கதவருகே தொடங்கியது.

டக். டக்.

நடீன் திரும்பினாள். ஏழு வயதுக் கோட்டுக்குச் சரியாகத் தலை ஒட்டியிருந்தது. ஈர முடி மரத்தில் அப்பியிருந்தது. மடங்கிச் சுருங்கி, அசைகிற கறுப்பு ஈக்களைப் போர்த்திக்கொண்டு, குதிகால் இரண்டையும் மரத்தோடு ஒட்டி, இல்லாத உதட்டோடு தாடையைத் தூக்கி, அது நிமிர்ந்து நின்றது. நகமில்லாத விரல்களில் ஒரு பென்சிலை அவள் பக்கம் நீட்டிக்கொண்டு.