இரண்டு விரல் மேலே

தங்கை இறந்து பதினெட்டு நாள் கழித்து, காலை ஒன்பது மணிக்கு அவர் வேலைக்குத் திரும்பினார். கார்களைச் சுவரில் மோதவிட்டுச் சோதிக்கும் கூடம் அது. ரப்பரும் எண்ணெயும் கலந்த பழைய வாடை. ஓட்டுநர் இருக்கையில் பொம்மை உட்கார்ந்திருந்தது. தானாக ஒரு துரும்பையும் நகர்த்தாது, நாலு பேர் தூக்கி உட்காரவைக்க வேண்டும் என்பதால் அதற்கு அங்கே 'மாப்பிள்ளை' என்று பெயர்.

"சார், இதைக் கொஞ்சம் பாருங்களேன்," என்றாள் டெக்னீஷியன் பெண். "வண்டி இன்னும் மோதவே இல்ல. நெஞ்சு சென்சார் மட்டும் ஆடுது."

பெல்ட் இறுக்கும்போது பொம்மையின் நெஞ்சு எத்தனை மில்லிமீட்டர் உள்ளே அமுங்குகிறது என்று சொல்லும் சென்சார் அது. திரையில் அதன் கோடு ஏறி இறங்கியது. இரண்டு சின்னது, ஒரு நீளம், பிறகு ஒரு தயக்கம்.

ஆஸ்பத்திரிக் கட்டிலருகே மூன்று நாள் அவர் எண்ணிக்கொண்டிருந்த தங்கையின் மூச்சு அது.

"வேற கேபிள் எடுத்துட்டு வாம்மா."

அவள் போனாள். போன வருடமும் இதே பெல்ட்தான். நெஞ்சு அமுங்குவது ஐம்பது மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது. அறுபத்து மூன்று வந்தது. சென்சார் இருப்பதோ நெஞ்சின் நடுவில் மட்டும். பெல்ட்டைக் கழுத்துப் பக்கம் இரண்டு விரல் ஏற்றி மறுபடி மோதவிட்டார். நாற்பத்தாறு. முதல் அளவை அழித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். ஒரு ஈ காக்கைக்குத் தெரியாது. "எங்க அண்ணன் பார்த்து ஓகே பண்ண வண்டி" என்று பெருமையடித்து அந்தக் காரையே வாங்கினாள் தங்கை. லாரியில் மோதியபோது அவள் விலா எலும்புகளை நொறுக்கியது அந்த பெல்ட்தான்.

இன்றைக்கும் மதியத்துக்குள் பாஸ் ஆக வேண்டுமாம். மேலாளர் இரண்டு முறை போன் செய்துவிட்டார். பழகிய கை பெல்ட்டைப் பிடித்து மேலே ஏற்றியது.

கோடு எகிறியது.

அறுபத்து மூன்று.

வண்டி அசையவே இல்லை. அவர் விரல்களுக்கு அடியில் பொம்மையின் நெஞ்சு உள்ளே போயிருந்தது.

"வேணாம்மா," என்றார் கிசுகிசுப்பாக. "அண்ணன் கையை எடுத்துடறேன்."

பெல்ட்டை நடுவிலேயே விட்டார். நெஞ்சு மெல்ல எழும்பியது.

பன்னிரண்டு மணிக்கு வண்டி மோதியது. அறுபத்து மூன்று. தோல்வி என்று எழுதினார். கீழே போன வருடம் தான் செய்ததையும் ஒளிக்காமல் எழுதினார். வேலை போகும், கம்பி எண்ணவும் நேரலாம். அப்படியும் மனசு ஆறவில்லை.

"சார்..." டெக்னீஷியன் பெண் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "நெஞ்சு சென்சார் கேபிளைக் கழட்டிட்டேன். என் கையிலதான் இருக்கு."

திரையில் கோடு ஓடிக்கொண்டிருந்தது. இரண்டு சின்னது, ஒரு நீளம். ஆஸ்பத்திரியில் எந்தத் தயக்கத்தோடு எல்லாம் நின்றுபோனதோ, அதற்காக அவர் காத்திருந்தார்.

அது வந்தது. கடந்தும் போனது.

மூச்சு நிற்கவில்லை.