பட்டியலில் மூன்றாவது பெயர்

டிவி அணைந்திருந்தது. கைப்பேசி கைப்பையின் அடியில் கிடந்தது. வீட்டில் கண்மணியைத் தவிர ஆளில்லை. ஆனாலும் ஹால் மூலையில், சாமி மேடைக்குக் கீழே, ரூட்டரின் பச்சை விளக்கு படபடவென்று துடித்துக்கொண்டிருந்தது.

யாரோ எதையோ விடாமல் பார்த்துக்கொண்டிருப்பதைப்போல.

மணி நாலரை. மழைக்குப் பயந்து பத்தாங் பெர்ஜுந்தாய் செம்பனை எண்ணெய் மில் ஆபீஸிலிருந்து சீக்கிரமே கிளம்பி வந்திருந்தாள். செம்பனைக் காட்டைத் தாண்டி வந்த மழை கூரையில் கல்லைக் கொட்டுவதுபோல் இறங்க, வேகவைத்த பழக்குலையின் புளித்த வாடையும் நனைந்த மண்ணின் வாடையும் ஜன்னல் வழியே உள்ளே வர, அவற்றுக்கு நடுவே மெல்லிய இழையாக இன்னொரு வாடையும் வந்தது. கிராம்பு சிகரெட். அடுத்த வீடு மூன்று மாதமாகக் காலி. அப்புறம் எங்கிருந்து வருகிறது?

தலைக்கு மேலே சிலிங்கில் ஏதோ மெதுவாக நகர்ந்து நின்றது.

எலி என்று சொல்லியிருந்தான் தம்பி திலீப். "காட்டோரத்து வீடுன்னா எலி வரும் லா, அக்கா. இதுக்கெல்லாமா பயப்படுவ?"

தோட்டத்தை விற்றபோது லயத்தில் குடியிருந்த தொழிலாளர்களுக்குக் கட்டிக் கொடுத்த வரிசை வீடுகள் இவை. பழைய லயத்தில் நடுச்சுவர் கூரைவரை எழும்பாது. ஸ்டூல் போட்டு ஏறினால் பக்கத்து வீட்டுக்கு ஒரு கிண்ணம் குழம்பைத் தள்ளிவிடலாம். இங்கேயும் அதே கட்டுமானம்தான். பலகை சிலிங் போட்டு மறைத்திருந்தார்கள், அவ்வளவுதான்.

இரண்டு வருஷத்துக்கு முன் கணவன் சரண் லோரி ஸ்பேனரால் அவள் முழங்கையை உடைத்தான். கோர்ட்டில் தடை உத்தரவு வாங்கி, மகள் தர்ஷினியோடு யாருக்கும் தெரியாமல் இங்கே குடிவந்தாள். இந்த முகவரி தெரிந்த ஒரே சொந்தம் திலீப். அடுத்த வீட்டுச் சாவியும் அவனிடம்தான் இருந்தது. ஆள் பார்த்து வாடகைக்கு விடச்சொல்லி வீட்டுக்காரர் கொடுத்திருந்தார். ரூட்டரையும் கேமராவையும் மாட்டியவன் அவன்தான். "இனி ஒரு ஈ உள்ள வந்தாலும் போன்ல தெரியும்" என்றான். அன்றைக்குத்தான் அவள் நிம்மதியாகத் தூங்கினாள்.

விளக்கு இன்னும் துடித்தது. ஆபீஸில் கம்ப்யூட்டர் பார்க்கும் அலீசியாவை அழைத்தாள்.

"அக்கா, ரூட்டரைத் திருப்பிப் பாருங்க. கீழ ஸ்டிக்கர்ல ஒரு நம்பர் இருக்கும். அதை பிரௌசர்ல அடிங்க. பேரும் அட்மின், பாஸ்வர்டும் அட்மின்."

திறந்துகொண்டது.

"அடப்பாவி! கடையிலேருந்து வந்தப்ப இருந்ததை மாத்தவே இல்லையா? வீட்டுக்குப் பூட்டு போட்டுட்டு சாவியைக் கதவுலயே தொங்க விட்டமாதிரி இருக்கே. சரி, வைஃபைக்கு என்ன பாஸ்வர்டு?"

"எங்க அம்மா பேரு. வேலம்மா. பின்னால லயத்து வீட்டு நம்பர்."

"உங்க சொந்தக்காரங்க அத்தனை பேருக்கும் தெரியுமே!"

"இந்த வரிசையில எல்லா வீட்டுலயும் அப்படித்தான். திலீப்தான் போட்டுக் கொடுத்தான்."

"நல்லா போட்டான்! யார் யார் உள்ள இருக்கான்னு ஒரு பட்டியல் இருக்கும், பாருங்க."

மூன்று வரிகள். ஒன்று அவள் கைப்பேசி. இரண்டு கேமரா.

மூன்றாவது, பி.ஜே.கே 4471.

கண்மணியின் உடைந்து ஒட்டிய முழங்கை சில்லிட்டது. அது சரண் ஓட்டிய பழ லோரியின் நம்பர். வாங்கும் ஒவ்வொரு கைப்பேசிக்கும் அதைத்தான் பெயராக வைப்பான்.

அலீசியாவின் குரலும் மாறியது. "பதறாதீங்கக்கா. நான் சொல்றதை ஒவ்வொண்ணா செய்ங்க."

அட்மின் பாஸ்வர்டை மாற்றினாள். வெளியிலிருந்து ரூட்டரைத் திறக்கும் வசதியை அணைத்தாள். பட்டனை அழுத்தினாலே சேர்ந்துகொள்ளும் வசதியையும் அணைத்தாள். புது மென்பொருள் ஏறி முடியும்வரை நகத்தைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கடைசியாக வைஃபைக்கு, உலகத்தில் யாருக்குமே தெரியாத இருபது எழுத்து. அதையும் காகிதத்தில்தான் எழுதினாள்.

கேமராவின் வரியோடு மூன்றாவது வரியும் மறைந்தது. விளக்கு அடங்கியது. "போலீஸ்ல ரிப்போர்ட் கொடுத்துடுங்கக்கா" என்று சொல்லி அலீசியா வைத்தாள்.

வைத்த கையோடு திலீப் அழைத்தான்.

"அக்கா, கேமரா கட்டாயிருச்சே. பாஸ்வர்டை மாத்துனியா?"

"ஆமாடா. அந்த ஆளு எப்படியோ உள்ள வந்திருக்கான்."

"சே! சரி, புதுசைச் சொல்லு. இங்கேருந்தே கேமராவை ரெடி பண்றேன்."

தம்பிதானே. ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னாள்.

மழை விட்டது. கூரை விளிம்பிலிருந்து சொட்டுகள் விழும் ஓசையை எண்ணிக்கொண்டிருந்தாள். இருபது எண்ணுவதற்குள் பச்சை விளக்கு மறுபடி துடிக்க ஆரம்பித்தது.

அவள் கைப்பேசிக்குக் கீழே, பி.ஜே.கே 4471.

உடனே தம்பியை அழைத்தாள்.

"திலீப். யார்கிட்டடா சொன்ன?"



"மச்சான் பாவம்க்கா. திருந்திட்டாரு. குடிக்கிறதில்ல. உங்களைப் பார்த்துக்கிட்டு இருந்தாலே போதும்னு அழுதாரு. என்னால முடியலக்கா."

"எங்கேருந்துடா பார்க்கிறான்?"

இணைப்பு துண்டிக்கப்பட்டது.

கைக்குழந்தையாக இவள் இடுப்பில் வளர்ந்தவன். முழங்கை உடைந்த அன்று ஆஸ்பத்திரி வராந்தாவில் இவளைவிட அதிகம் அழுதவன்.

ரூட்டர் மாட்டிய அன்று அவன் சொன்னது நினைவுக்கு வந்தது. 'மலிவு சாமான்க்கா. சிக்னல் சுவரைத் தாண்டாது.' உண்மைதான். கேட்டுக்குப் போனாலே நின்றுவிடும். பக்கத்து வீட்டிலும் கிடைக்காது.

பட்டியலில் பெயருக்குப் பக்கத்தில் சிக்னல் கோடுகள். அவள் கைப்பேசிக்கு நான்கு.

பி.ஜே.கே 4471-க்கும் நான்கு.

சுவருக்கு அந்தப் பக்கம் இல்லை.

கிராம்பு வாடை.

எலி இல்லை.

மெல்ல நிமிர்ந்தாள். ஹாலுக்கு நடுவே, ஒயர் இழுக்க திலீப் அறுத்துவைத்த சதுரப் பலகை. எப்போதும் இறுக்கமாக மூடியிருக்கும். இப்போது நாலு விரல் அகலத்துக்கு விலகியிருந்தது.

உள்ளே இருட்டு. அந்த இருட்டில் கைப்பேசித் திரையின் வெளிச்சம். வெளிச்சத்தில் ஒரு தாடை.

அசையவில்லை.

வெளியே டியூஷன் வேன் ஹார்ன் அடித்தது. கேட் கிரீச்சிட்டது. 'வராதே' என்று கத்த வாயைத் திறந்தாள். அதற்குள் கதவு திறந்துவிட்டது.

ஏழு வயது தர்ஷினி சப்பாத்தைக் கழற்றி ஓரமாக வைத்தாள். பையை இறக்கினாள். அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். அம்மா பார்க்கும் இடத்தைப் பார்த்தாள்.

பயமே இல்லாமல், கொஞ்சம் ஏமாற்றத்தோடு மேலே பார்த்துச் சொன்னாள்.

"அப்பா, அம்மாவுக்குத் தெரிஞ்சிருச்சு. மாமா சொன்ன மாதிரி இறங்கி வாங்க."

திரை அணைந்தது. பலகையின் விளிம்பில் ஒவ்வொன்றாக நான்கு விரல்கள் வந்து பதிந்தன.