மோதுகளத்தை மூடவிருந்த மதியம்

யாரோ மைக்கை அணைக்க மறந்துவிட்டார்கள் என்றுதான் ஜோதி முதலில் நினைத்தாள்.

ஹெட்போனுக்குள் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. அலுமினியப் பாத்திரத்தில் விழுகிற சொட்டு. டொக். சற்று இடைவெளி. மறுபடி டொக். லேப்டாப் திரையில் அவள் பெயரோடு கலைமணி, மெர்சி என்ற இரண்டு பெயர்கள். மூன்று பெயர்களின் பக்கத்திலும் மைக் அணைந்திருப்பதைக் காட்டும் சிவப்புக் கோடு விழுந்திருந்தது. மறைமலை நகரில் கலைமணி டீ போட எழுந்து போயிருந்தான். ஸ்ரீபெரும்புதூர் ஹாஸ்டலில் மெர்சியை யாரோ கூப்பிட்டிருந்தார்கள். பேசுவதற்கு ஆளே இல்லாத அந்த இணைய அறையில் சொட்டு மட்டும் நிதானமாக விழுந்துகொண்டிருந்தது.

வெளியே ஐப்பசி மழை. படப்பையில் புதிதாகப் பிரித்த மனைகளின் கடைசியில் இருந்தது வீடு; சுற்றிலும் கல் நட்ட காலி மனைகளில் தண்ணீர் தேங்கி, தவளைகள் பட்டப்பகலிலேயே கத்திக்கொண்டிருந்தன. நைட் ஷிஃப்ட் முடிந்து வந்து தூங்குவதற்காக அவள் கணவன் ராஜசேகர் ஜன்னல் கண்ணாடிகளில் கறுப்புத் தாள் ஒட்டியிருந்ததால், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகே கூடத்துக்குள் அந்தி வந்துவிட்டிருந்தது. அவன் ஓ.டி. என்று காலையிலேயே கம்பெனி பஸ் ஏறிவிட்டான். வீட்டில் அவள் மட்டும்.

மோதுகளம் அவள் தம்பி இனியவன் ஆரம்பித்த இணையதளம். இரண்டு பேர் எதிரெதிரே நின்று அடித்துக்கொள்ளும் ஒரு பழைய சண்டை விளையாட்டு. அதை இன்னும் வெறியோடு ஆடுகிற ஒரு சின்னக் கூட்டம். பெரும்பாலும் ஒரகடம் ஆலைகளில் வேலை பார்க்கிற பிள்ளைகள். ஞாயிறுதோறும் போட்டி, அப்புறம் வாரம் முழுக்க அதைப் பற்றிய சண்டை. போன வருஷம் வடக்குப்பட்டுப் பிரிவில் ஒரு கன்டெய்னர் லாரி, நீலக் கம்பெனிச் சட்டையில் ஷிஃப்ட் முடிந்து வந்துகொண்டிருந்த இனியவனை பைக்கோடு இழுத்துக்கொண்டு போனது. தளத்தை ஓட்டுவதற்கென்று அவன் கையால் சேர்த்த கம்ப்யூட்டர் அக்கா வீட்டுப் பின்னறைக்கு வந்து சேர்ந்தது. அன்றிலிருந்து அது இரவும் பகலும் அங்கே உறுமிக்கொண்டிருக்கிறது. சூடான தூசியின் நாற்றம், ஒரு நோயாளியின் அறையிலிருந்து வருவதுபோல, கதவிடுக்கு வழியாகக் கூடத்துக்கு வரும். பழுதானால் பிள்ளைகள் அவளைத்தான் கூப்பிடுவார்கள். வருகிறவர்களும் குறைந்துவிட்டார்கள். தளத்தை இன்னும் நடத்துவதா, எல்லாரையும் போனில் ஒரு குழுவாக மாற்றிவிட்டு அந்தக் கம்ப்யூட்டர் பெட்டியை அணைத்துவிடுவதா என்று தளத்தைச் சேர்ந்து பார்த்துக்கொள்ளும் இந்த மூன்று பேரும் இன்றைக்கு பேசி முடிக்க வேண்டும். ஜோதி முடிவு செய்துவிட்டிருந்தாள். அணைத்துவிடலாம். தம்பியை இரண்டாம் முறை எரிப்பதுபோல இருந்தாலும், அணைத்துவிடலாம்.

"ஜோதிக்கா, கீறியா?" கலைமணி திரும்பி வந்திருந்தான்.

மைக்கைத் திறந்தாள். "கலை, உன் வூட்ல எங்கனா ஒழுகுதா?"

"இங்க எதுக்கு ஒழுகப் போவுது? மேல ஓனர் வூடு. ஏன்க்கா?"

"தண்ணி சொட்டுற சத்தம் கேக்குதே."

"எனக்கு ஒண்ணும் கேக்கலக்கா," என்றாள் மெர்சி. "மழைல லைன் கரகரன்னு வருதோ இன்னாவோ."

அப்போது ஒரு லாரி ஹாரன் அடித்தது. நீளமாக, மழையை அறுத்துக்கொண்டு, ஹெட்போனுக்குள். ஜோதி ஒரு காதை விலக்கினாள். ஒரகடம் சாலையிலிருந்து அதே ஹாரனின் வால் அவள் வீட்டுச் சுவர் தாண்டி வந்து அடங்கியது.

அப்படியென்றால் சத்தம் இந்த வீட்டிலிருந்துதான் வருகிறது.

பின்னறைக் கூரை ஒழுகுகிறதென்று காலையில்தான் அங்கே அலுமினியக் குண்டானை வைத்திருந்தாள். அந்த அறையில் மைக் கிடையாது. திரைகூடக் கிடையாது. பெட்டியும் பழைய கட்டிலும்தான்.

டொக்.

பிறகு கட்டில் முனகியது. உட்கார்ந்திருந்தவர் எழுந்தால் முனகுவதுபோல.

நடையின் கோடியில் பின்னறைக் கதவு சாத்தியே இருந்தது. பார்த்துக்கொண்டே இருந்தாள். கண் சிமிட்டப் பயந்தாள். ஹெட்போனுக்குள் ஈரக்கால்கள் டைல்ஸில் ஒட்டி ஒட்டிப் பிரிந்தன. அறைக்குள் இங்கும் அங்கும். பின்பு நின்றன. கதவுக்கு அந்தப் பக்கம். மூச்சு கேட்டது.

"சரிக்கா, நீயே சொல்லிடு," என்றான் கலைமணி. "வச்சிகினு இருக்கலாமா, மூடிடலாமா?"

ஜோதி வாயைத் திறந்தாள்.

"வச்சிகினு இருக்கலாம்டா," என்றது அவள் குரல்.

அவள் இன்னும் ஒரு சொல்லும் சொல்லியிருக்கவில்லை. திரையில் அவள் பெயரைச் சுற்றி, பேசுகிறவரைக் காட்டும் பச்சை வளையம் எரிந்தது.

"நேத்து வரைக்கும் முடியலன்னு சொல்லிகினு இருந்தியேக்கா?"

"கலை! அது நான் இல்ல! மெர்சி, நான் பேசறது கேக்குதா?"

யாருக்கும் கேட்கவில்லை. அவள் குரல்தான் சிரித்தது. தம்பி போனதிலிருந்து அவள் மறந்திருந்த சிரிப்பு.

"நேத்து தெரியலடா. ஒருத்தர் உள்ளயே இருந்து பாத்துக்கணும். இனியவன் எத்தினி நாளைக்குத்தான் தனியா இருப்பான், சொல்லு?"

மெர்சி சட்டென்று அழுதாள். "நீ இப்டி சொல்லுவன்னு நான் நெனைக்கவே இல்லக்கா. எனக்கு சந்தோஷமா கீது."

ஜோதி ஹெட்போனைப் பிடுங்கி எறிந்தாள்.

குரல் நிற்கவில்லை. பின்னறையிலிருந்து வந்தது. கதவுக்குப் பின்னால், சாதாரணமாக, அடுத்த ஞாயிற்றுக்கிழமை போட்டியைப் பற்றி.

வாசலுக்கு ஓடினாள். கதவு ஈரத்தில் உப்பிப்போய்த் தாழ்ப்பாள் வரவில்லை. இழுத்தாள். கதவை அறைந்தாள். காலி மனைகளில் தவளைகள் கத்தின. பக்கத்துச் சுவரில் மெயின் சுவிட்ச். கை தானாக அதற்குப் போனது. கீழே இழுத்தாள்.

மின்விசிறி தளர்ந்து நின்றது. ஃபிரிட்ஜ் ஒருமுறை உதறி ஓய்ந்தது. மோடத்தின் விளக்குகள் போயின. பெட்டியின் உறுமலும் நின்றது. ஒரு வருஷத்தில் முதல் முறையாக வீடு அமைதியாக இருந்தது.

அந்த அமைதிக்குள் அவள் குரல் பேசிக்கொண்டிருந்தது. இப்போது கலைமணியும் மெர்சியும்கூட அங்கேயிருந்துதான் பேசினார்கள். சிரித்தார்கள்.

பின்னறைக் கதவு திறந்தது. மெதுவாக. முழுசாக.

உள்ளே ஒரு பச்சை வெளிச்சம். அணைந்த பெட்டியிலிருந்து.

கட்டிலில் இரண்டு பேர், முதுகு காட்டி. ஒருத்தி அவள் இப்போது போட்டிருக்கும் அதே நைட்டியில், அதே அவிழ்ந்த கொண்டையில். பேசிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் நீலக் கம்பெனிச் சட்டை. நனைந்த சட்டை. ஒரு தோள் இருக்க வேண்டிய இடத்தில் துணி மட்டும் தொங்கியது.

"இரு, வந்துட்டா," என்றது அவள் குரல், பக்கத்திலிருந்த சட்டையிடம்.

இருவரும் திரும்பவில்லை. ஆளுக்கொரு பக்கம் நகர்ந்து, நடுவில் ஒருத்தர் உட்காரும் அளவுக்கு இடம் விட்டார்கள்.