கீழ்த்தட்டில் வைத்த வரைபடம்

காலை 8.10. முடிச்சூரில் குடியிருப்போர் நலச் சங்கத்தின் அறையைத் திறந்தபோது வரைபடம் காணவில்லை.

சங்கத் தலைவர் ஸ்ரீநிவாசராகவன் இரும்பு அலமாரியைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். வயது எழுபத்து நான்கு. ஏழு மாதம் அலைந்து அவர் வாங்கிய, அரசு முத்திரை வைத்த நில அளவை வரைபடம் அது. ஏரியின் உபரிநீர் வாய்க்கால் அதில் தெளிவாக இருந்தது. புதிய நகர வளர்ச்சித் திட்டத்தின் வரைவிலோ வாய்க்காலைக் காணோம். அந்த இடம் குடியிருப்பு மனை என்று மஞ்சள் பூசப்பட்டிருந்தது. ஆட்சேபம் சொல்ல இன்றுதான் கடைசி நாள். தாம்பரத்தில் பதினோரு மணிக்குக் கூட்டம். செல்போன் படம் செல்லாது. முத்திரை வைத்த நகல் வேண்டும். வாய்க்கால் முழுவதும் அடைபட்டால் அடுத்த பெருமழையில் முந்நூறு வீடுகள் மூழ்கும்.

"பில்டர் ஆளுங்க வேலைதான் சார் இது" என்றான் காவலாளி மாரி. "ஜன்னல் கம்பிய பாருங்க. இன்னா மாதிரி வளைச்சிகீறானுங்க."

சங்கச் செயலாளர் பத்ரி தொண்டையைச் செருமினான். "சாரைக் குறை சொல்லல. ஆனா நேத்து ஆறு மணிக்கு, எல்லாரும் மனுவுல கையெழுத்து போட்டதும், சார் மேப்பைச் சுருட்டி கீழ்த்தட்டுல வச்சார். நான் பார்த்தேன். மேல பூட்டி வைக்க மறந்துட்டார் போல."

ஸ்ரீநிவாசராகவனின் முகம் சுருங்கியது. "இருக்கலாம்ப்பா. நேத்து கண்ணாடியையே பாத்ரூம்ல வச்சுட்டுத் தேடினேன். இனிமே இந்தப் பொறுப்பு எனக்கு வேண்டாம்."

8.35. தெருமுனையில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் சபீஹா, மனுவின் நகல்களோடு வந்தார். காணாமல்போன சைக்கிள் முதல் தண்ணீர் மோட்டார் வரை அந்த நகரில் பலவற்றைக் கண்டுபிடித்துக் கொடுத்தவர். ஒருவரைச் சந்தேகிக்கும் முன் இன்னொருவரை நம்பிப் பார்ப்பது அவர் வழக்கம்.

அறையைச் சுற்றிப் பார்த்தார். பிளக் பாயிண்டுகள் தோள் உயரத்தில் இருந்தன. அலமாரியின் மேல்பகுதிக்குக் கதவும் பூட்டும் உண்டு, பூட்டு உடையவில்லை. அடித்தட்டுக்குக் கதவு இல்லை. அதில் மண்வெட்டி, தார்ப்பாய், பிளாஸ்டிக் வாளி, கயிறு.

"மாரி, வெளியே போய் ஜன்னல் வழியா குச்சிய விடு. எதெல்லாம் எட்டுதுன்னு பார்ப்போம்."

குச்சி அடித்தட்டில் இருந்த வாளியைத் தட்டியது. "இதுக்கு மேல வராதுக்கா. பூட்டின கதவு தடுக்குது."

"சாவி யார்கிட்ட?"

"எங்கிட்ட ஒண்ணு, பத்ரிகிட்ட ஒண்ணு" என்றார் ஸ்ரீநிவாசராகவன்.

"சார், வெள்ளத்துல உங்க வீட்ல என்ன போச்சு?"

"என்னம்மா இந்த நேரத்துல? என் பொண்ணு ரோஹிணியோட சர்டிஃபிகேட் எல்லாம். கீழ் டிராயர்ல இருந்துச்சு. கூழாப் போச்சு."

"மாரி, உனக்கு?"

"ரேஷன் கார்டு, கல்யாண போட்டோ. பொண்டாட்டி மட்டும் தப்பிச்சிட்டா."

"பத்ரி தம்பி, நீங்க எப்ப குடிவந்தீங்க?"

"2019, அக்கா. கேளம்பாக்கத்துல இருந்து. அதுக்கும் இதுக்கும் என்ன?"

9.20. சபீஹா கதவை மெல்லச் சாத்தினார்.

"சார், உங்க வாய் சொல்றதை நான் நம்பல. உங்க கையை நம்புறேன். 2015ல இங்க தண்ணி நெஞ்சளவு நின்னுச்சு. அன்னையிலேர்ந்து இந்தத் தெருவுல யாரும் ஒரு துண்டுக் காகிதத்தைக்கூட இடுப்புக்குக் கீழ வைக்கிறதில்ல. கல்யாணப் பத்திரிகைகூட ஃப்ரிட்ஜ் மேலதான். அடித்தட்டைப் பாருங்க, நனைஞ்சா கெடாத சாமான் மட்டும்தான் இருக்கு. கண்ணாடிய மறப்பீங்க. ஆனா ஏழு மாசம் அலைஞ்சு வாங்கின மேப்பை உங்க கை அங்க வைக்காது."

மாரி குனிந்து அடித்தட்டைப் பார்த்தான்.

"அப்போ அது பூட்டின அலமாரிலதான் இருந்துச்சு. ஜன்னல் வழியா எடுக்க முடியாது. சாவி வச்சிருக்கவர்தான் எடுத்திருக்கணும். திருடன் ஜன்னல் வழியா எடுத்தான்னு நாம நம்பணும்னா, மேப் கீழ்த்தட்டுல இருந்ததா யாராவது சொல்லியாகணும். சொன்னவர் வெள்ளத்துக்கு அப்புறம் வந்தவர். அவருக்கு இந்தப் பழக்கம் தெரியாது." சபீஹா திரும்பினார். "கிழிச்சுட்டீங்களா தம்பி?"

பத்ரி நாற்காலியில் உட்கார்ந்தான். "இல்லக்கா. மனசு வரல. கார் டிக்கில இருக்கு. ஜன்னல் கம்பிய வளைச்சதும் நான்தான்." ஸ்ரீநிவாசராகவனைப் பார்த்தான். "என் ஃபிளாட்டே அந்த வாய்க்கால் மேலதான் நிக்குது. இன்னும் பதினாலு வருஷம் லோன் கட்டணும். மேப்பைக் காட்டினா முதல்ல என் வீட்டைத்தான் இடிப்பாங்க."

"அதுக்கு சாரை மறதிக்காரராக்கிட்டியே, படா ஆளுப்பா நீ" என்றான் மாரி.

பத்ரி எழுந்துபோய் ஸ்ரீநிவாசராகவனின் கையைப் பிடித்தான். கிழவர் கையை உதறவில்லை. தவறு செய்தவனுக்கும் தண்ணீர் கொடுக்கலாம் என்று நினைக்கிறவர் அவர். கூஜாவை அவன் பக்கம் நகர்த்தினார்.

"வாய்க்காலை அடைச்சு மனை போட்டவன் நீ இல்ல. அதை வித்தவங்களையும் கையெழுத்து போட்டவங்களையும் கேட்போம். உனக்கு மாற்று வீடு தரணும்னு மனுவுல நாலாவது கோரிக்கையா நான் எழுதறேன். வண்டிய எடு. இரும்புலியூர்ல டிராஃபிக் இருக்கும்."

11.50. கூட்ட அரங்கு. மேடையிலிருந்த அதிகாரி வரைபடத்தைப் பார்க்காமலே சொன்னார்: "சரி, கருத்தைப் பதிவு பண்ணிட்டோம். அடுத்தவங்க வாங்க."

ஸ்ரீநிவாசராகவன் மைக்கை விடவில்லை. "பிரிச்சுப் பாருங்க சார். பார்த்தேன்னு எழுதிக் கொடுங்க. அதுவரைக்கும் இங்கேயே நிப்பேன்." அவருக்குப் பின்னால் சபீஹாவும் மாரியும் எழுந்து நின்றார்கள். பிறகு வரிசை வரிசையாக முடிச்சூர் எழுந்து நின்றது.

அதிகாரி வேண்டாவெறுப்பாக வரைபடத்தைப் பிரித்தார். "வாய்க்கால் மேல ஏற்கெனவே குடியிருக்காங்களே. அவங்க சம்மதிப்பாங்களா?"

பத்ரி முன்னே வந்து மைக்கை வாங்கினான். பெயரையும் மனை எண்ணையும் சொன்னான். "அந்த வீடு என்னோடதுதான். வாய்க்கால் அங்கதான் ஓடுச்சு."

"தம்பி, யோசிச்சுப் பேசுங்க. இதைப் பதிவு பண்ணினா உங்க வீடே போகலாம்."

"தெரியும் சார். மாற்று வீடு கேட்டும் மனு இருக்கு, ரெண்டையும் சேர்த்தே எழுதுங்க" என்றான் பத்ரி. அதிகாரி பேனாவைத் திறக்கும்வரை அவன் மைக்கைக் கீழே வைக்கவில்லை.