ஒரே ஒரு சிவப்பு வரி

"ஆ... ஆஆ!"

ஒரகடம் தொழிற்சாலையின் நான்காவது லைனையே உலுக்கியது அந்த அலறல்!

காலை பதினொன்று நாற்பது.

சைரன் கத்தியது. எல்லா மெஷின்களும் நின்றன. நின்று என்ன புண்ணியம்? வெல்டிங் ரோபோவின் கூண்டுக்குள் மாரிசெல்வம் கிடந்தான். மெயின்டனன்ஸ் டெக்னீஷியன். ஊர் சங்கரன்கோவில். இன்னும் பத்தொன்பது நாளில் மாப்பிள்ளை!

மாடியிலிருந்து விழுந்தடித்து ஓடி வந்தாள் சந்திரலேகா. அவனுக்குப் பேசி முடித்த பெண். லைன் கம்ப்யூட்டர்கள் அத்தனைக்கும் பொறுப்பாளி.

"மாரி... ஏ மாரி... எந்திரிய்யா!"

அவன் எழுந்திருக்கவில்லை. இனி எழுந்திருக்கப் போவதில்லை என்று அவளைத் தவிர அங்கே எல்லோருக்கும் தெரிந்தது.

முன்பு கேன்டீன் டோக்கன் மெஷின் செத்துப்போன அன்று, கம்ப்யூட்டரில் ஒரே ஒரு வரி தட்டி அதற்கு உயிர் கொடுத்தவள் அவள்தான். பக்கத்தில் நின்று வாயைப் பிளந்து பார்த்த மாரி அன்றிலிருந்து அவளை 'டீச்சரம்மா' என்றுதான் கூப்பிடுவான். இனி யார் கூப்பிடுவார்கள்?

இன்ஸ்பெக்டர் கோதண்டராமன் வந்து சேர்ந்தபோது மணி ஒன்று.

"கூண்டு கேட் தொறந்தா ரோபோ நிக்கணும். இன்னிக்கி நிக்கல. ஏம்மா?"

சந்திரலேகா முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"கேட்டைப் பாத்துக்கிடுத ப்ரோக்ராம் சார்... தொறந்து கெடந்த கேட்டை, மூடியிருக்குன்னு ரோபோவுக்குச் சொல்லியிருக்கு."

"மெஷின் பொய் சொல்லிச்சா?"

"யாரோ சொல்ல வச்சிருக்காங்க! அது யாருன்னு எனக்குத் தெரிஞ்சாகணும் சார். தெரியாம நான் இந்த எடத்தை விட்டு நகர மாட்டேன்."

"புரியுற மாதிரி சொல்லும்மா."

"எல்லாம் லினக்ஸ் கம்ப்யூட்டர் சார். நூத்திப் பதினோரு ப்ரோக்ராம், லைப்ரரின்னு ஒரு பொதுவான கோடை நம்பி ஓடுது. எங்க ஹாஸ்டல்ல எல்லாருக்கும் ஒரே மிக்ஸி இருக்கும்லா, அந்த மாதிரி. இப்ப அதுல ரெண்டாம் வெர்ஷன் போயி மூணாம் வெர்ஷன் வருது. ஒவ்வொரு ப்ரோக்ராமையும் புதுசுக்கு ஏத்த மாதிரி திரும்ப பில்ட் பண்ணணும். கடைசி ப்ரோக்ராம் மாறுத வரைக்கும் பழசு மேல கை வைக்கவே கூடாது."

"மாறிடுச்சா?"

"நேத்து வரைக்கும் லிஸ்ட்ல நூத்திப் பத்து பச்சை, மாறியாச்சு. ஒண்ணு மட்டும் சிவப்பு."

"எது?"

"அந்த கேட்!"

கம்ப்யூட்டரைத் திறந்தாள். பதிவேடு விரிந்தது. அவள் விரல் ஒரு வரியில் நின்றுவிட்டது.

காலை 8.52. பழைய லைப்ரரி நீக்கப்பட்டது. அதன் பெயரில், புதிய லைப்ரரிக்கு ஓர் இணைப்பு!

"பாவிங்களா... புதுசுக்குப் பழைய பேரை ஒட்டியிருக்காங்க சார்! ப்ரோக்ராம் ஏமாந்துரும். நல்லா ஓடுத மாதிரி தெரியும். சிவப்பு பச்சையாயிரும். ஆனா உள்ள எல்லாம் எடம் மாறிக் கெடக்கும். கேட் சேதி இருக்க வேண்டிய எடத்துல வேற என்னமோ இருக்கும்."

"பண்ணது யாரு?"

இன்ஸ்பெக்டரே குனிந்து படித்தார்.

"இன்னாம்மா இது... உன் பேர்தான் கீது!"

"நான் இல்ல சார்! அந்நேரம் ஸ்ரீபெரும்புதூர் டிராஃபிக்ல கம்பெனி பஸ்ல நின்னுக்கிட்டு இருந்தேன். வந்ததும் மீட்டிங். லிஸ்ட்டைப் பாக்கவே இல்ல. என் பாஸ்வேர்டை யாரோ போட்டிருக்காங்க!"

"பாஸ்வேர்ட் இன்னா?"

"எங்க... கல்யாணத் தேதி."

"ரொம்ப நல்லது! பத்திரிகை வாங்குன அத்தினி பேருக்கும் தெரியும்."

சந்திரலேகாவின் பார்வை கண்ணாடி கேபின் பக்கம் திரும்பியது. உள்ளே மேனேஜர் நாகப்பன். ஏசியிலும் வேர்த்துக் கொட்டிக்கொண்டிருந்தார்.

"அவர்தான்! போன வாரம் எங்கிட்ட பாஸ்வேர்ட் கேட்டு வாங்கினாரு. ஆடிட் வருது, சிவப்பே இருக்கக் கூடாதுன்னாரு. அது மாறாம எனக்கு ஒரு நாள் லீவு கெடையாதுன்னுட்டாரு. ஊருக்குப் போயி பத்திரிகை வைக்கக்கூட விடல சார்!"

பாய்ந்து போய் அவர் சட்டையைப் பிடித்தாள்.

"கொன்னுட்டியே! என் மாரியைக் கொன்னுட்டியே!"

"ஐயோ, நான் இல்லம்மா! சத்தியமா இல்ல! இந்த வேலையெல்லாம் எனக்குச் செய்யவே தெரியாது!"

"ஸ்டேஷன்ல கத்துக்குடுப்பாங்க. நடய்யா!" என்றார் கோதண்டராமன்.

நாகப்பன் கேவிக் கேவி அழுதார்.

செய்யவே தெரியாது... அந்த வார்த்தை சந்திரலேகாவின் நெஞ்சில் குத்தியது. உண்மைதானே! இந்த ஆளுக்கு பிரிண்டரில் பேப்பர் மாட்டவே அடுத்தவர் துணை வேண்டும். அப்படியானால் இந்தக் குறுக்கு வழி இந்த ஃபேக்டரியில் வேறு யாருக்குத் தெரியும்?

எதை மாற்றினாலும் காரணம் எழுத வேண்டும் என்பது அவளே போட்ட சட்டம். பதிவேட்டில் அந்தக் காரணக் கட்டத்தை இன்னும் திறக்கவில்லை.

திறந்தாள். படித்தாள்.

அன்று கேன்டீனில் தட்டிய அதே வரி! 'இந்தக் கூத்தெல்லாம் டோக்கன் மெஷினோட நிக்கணும், வேற எங்கயும் செஞ்சிராத' என்று அன்றே மாரியிடம் சொல்ல நினைத்திருந்தாள். அதற்குள் அவன் டீயை நீட்டிவிட்டான். அப்புறம் மறந்தே போனது.

டிலீட் பட்டன் விரலுக்குக் கீழேயே இருந்தது. அழுத்தினால் யாருக்கும் தெரியப் போவதில்லை. மாரி கடைசிவரை நல்லவன். நாகப்பன் ஜெயிலுக்குள்ளே.

விரலை எடுத்துக்கொண்டாள்.

"சார்... அவரை விட்டுருங்க."

"இன்னாம்மா சொல்ற? அப்போ கொலைகாரன் யாரு?"

"பாதி நான் சார். மீதிப் பாதியை உங்களால கைது பண்ண முடியாது."

திரையை அவர் பக்கம் திருப்பினாள். கோதண்டராமன் தொப்பியைக் கழற்றிவிட்டுப் படித்தார்.

'காரணம்: டோக்கன் மெஷினுக்கு டீச்சரம்மா பாத்த அதே வைத்தியம்தான். இனி அவளுக்கு லீவு இல்லேன்னு எவனும் சொல்ல முடியாதுல்லா! தப்பா இருந்தா கல்யாணத்துக்குப் பொறவு ஏசட்டும்... ஆயுசு பூரா டைம் கெடக்கு!'